டிஸ்னி மாரத்தானுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து பதிவு செய்வது

புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 1994இல் தொடங்கிய ஜனவரி மாரத்தான் வார இறுதிக்கான பதிவு, வழக்கமாக அந்த ஊர் நேரப்படி காலை 10 மணிக்கு, அதாவது அவர்களுடைய கோடைக்கால நேரக் கணக்கில் நமக்கு மாலை 7.30 மணிக்குத் திறக்கிறது. அதற்கு முன்பே பதிவுத் தளத்தில் கணக்கைத் தொடங்கி, வங்கிச் செயலியில் அட்டையின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வைக்க வேண்டும். சென்ற முறை இதை மறந்த நான், வரிசையில் என் முறை வந்தும் வெறுங்கையுடன் எழுந்தேன். இணைய வரிசையில் காத்திருக்கும்போது பக்கத்தைப் புதுப்பிக்கக் கூடாது. நம்மூரில் மின்சாரம் எந்நேரமும் போகலாம் என்பதால் கைப்பேசி இணையமும் தயாராக இருக்கட்டும்.

அந்த வார இறுதியின் 5 கி.மீ., 10 கி.மீ., அரை மாரத்தான், முழு மாரத்தான் என நான்கு ஓட்டங்களையும் சேர்த்து ஓடும் டோப்பி சவால் 48.6 மைல், முதன்முறை செல்பவர்களுக்கு அரை மாரத்தானே போதும் என்பேன். மைலுக்கு 16 நிமிட வேகம் கட்டாயம் என்பதால், அண்ணா விளையாட்டரங்கில் கிலோமீட்டரைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துப் பழகிய பின்பே பணம் கட்டுங்கள். கட்டிய பணம் திரும்பாது.