இருமல் வரவில்லை, அப்புறம் என்ன?

ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில், விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு விழுங்கல் பயிற்சி தருகிறேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி போன வாரம் குரல் கம்மிய பெரியவரிடம் டம்ளரை நீட்டிவிட்டு, "இருமலே வரலீங்க மேடம்" என்றாள். 12 வருடத்துக்கு முந்தைய நானேதான். அக்கியால் தொண்டை தளர்ந்தவருக்குக் குடிக்கவும் சாப்பிடவும் கொடுக்கும்போது நாம் செய்கிற தவறுகளைத்தான் கீழே சொல்கிறேன். படுத்தபடி ஊட்டக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

தண்ணிதானே என்று கொடுப்பது

சின்னம்மை தந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல வருடம் பதுங்கியிருந்து அக்கியாகக் கிளம்பும். அது 9, 10-ஆம் மூளை நரம்புகளைப் பிடித்தால் தொண்டையில் ஒரு பக்கம் தளர்ந்துவிடும். குரல்வளைக்கு உணர்ச்சி தருவதும் அதே 10-ஆம் நரம்புதான். அந்த உணர்ச்சி போய்விட்டால், மூச்சுக்குழாயில் தண்ணீர் இறங்கினாலும் இருமல் வராது.

12 வருடத்துக்கு முன் காங்கயத்துக்காரர் ஒருவர், காதில் அக்கி. அரை டம்ளர் கொடுத்தேன். "நல்லா எறங்குதுங்க அம்மிணி" என்றார். குடிக்கலாம் என்று எழுதிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளை, உள்ளே இறங்கியதால் வந்த நிமோனியா. 'அம்மிணி' என்றபோதே அவர் குரல் ஈரமாகக் களகளத்தது, தண்ணீர் குரல்வளையில் நிற்கிற சத்தம் அது, என் காதில்தான் ஏறவில்லை. அவர் மகன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

குரல் கம்மியிருந்தால் முதலில் கேமரா குழாயோ எக்ஸ்ரே வீடியோவோ வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீருக்குப் பதில் கம்பங்கூழைக் கெட்டியாகக் கொடுத்தால் போதும் என்பதும் பாதிதான் சரி. கெட்டியானது மெதுவாக இறங்கும், ஆனால் தளர்ந்த பக்கத்தில் தேங்கி நின்று, மூச்சு இழுக்கும்போது உள்ளே போகும்.

குமட்டல் வருகிறதே என்று நம்புவது

குமட்டல் வேறு, விழுங்கல் வேறு. தொண்டையைத் தொட்டால் குமட்டுகிறது என்பதற்காக விழுங்குவதும் சரியாக இருக்கும் என்று நம்பக்கூடாது.

முகத்தை மாற்றித் திருப்புவது

விழுங்கும்போது முகத்தைத் தளர்ந்த பக்கமாகத் திருப்ப வேண்டும். அப்போதுதான் அந்த வழி அடைபட்டு, உணவு நல்ல பக்கமாக இறங்கும். எந்தப் பக்கம் என்று குழப்பமா? 'ஆ' சொல்லச் சொல்லுங்கள், உள்நாக்கு நல்ல பக்கம் இழுக்கும்.

அக்கி எழுதிவிட்டுக் காத்திருப்பது

குயவர் வீட்டில் காவி பூசி எழுதிக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரவில்லை. ஆனால் வைரஸ் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. கொப்புளமே இல்லாமலும் இது வரும்.

மூக்குக் குழாய் போட்டாயிற்று, பல் எதற்கு?

எச்சில் வாய்க் கிருமிகளோடு மூச்சுக்குழாய்க்குள் போய்க்கொண்டுதான் இருக்கும். தினமும் துலக்கிவிடுங்கள்.