ஜார்ஜியக் கட்டடத்தை அடையாளம் காண்பது எப்படி?

1714 முதல் 1830 வரை பிரிட்டனை அடுத்தடுத்து ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலத்துக் கட்டடக்கலையையே ஜார்ஜியப் பாணி என்கிறோம். ஜார்ஜியா நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதலில் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று முகப்பு முழுவதையும் பாருங்கள். தனி மாளிகையாக இருந்தால், கதவு நடுவிலும் சன்னல்கள் இருபுறமும் சம எண்ணிக்கையிலும் அமைந்திருக்கும். பிறகு சன்னல்களின் உயரத்தை மாடிக்கு மாடி ஒப்பிடுங்கள்: விருந்தினரை வரவேற்கும் கூடம் பெரும்பாலும் முதல் மாடியில் இருந்ததால் அங்கே சன்னல்கள் மிக உயரமாகவும், மேலே செல்லச் செல்ல உயரம் குறைந்து, உச்சியில் ஏறக்குறைய சதுரமாகவும் இருக்கும். என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை. அருகே சென்றால், மேலும் கீழும் நகரும் இரு சட்டங்களில், மெல்லிய மரக்கம்பிகளுக்கிடையே பெரும்பாலும் ஆறாறு கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டிருப்பதையும், கதவுக்கு மேல் விசிறி போல விரிந்த கண்ணாடியையும் காணலாம்.

பின்புறத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் 1767 முதல் 1774 வரை கட்டப்பட்ட ராயல் கிரெசன்டின் 30 வீடுகளும் முன்புறம் ஒரே அரண்மனை போல வளைந்து நிற்க, பின்புறமோ வீட்டுக்கு வீடு மாறுபடுகிறது.

பிரிட்டனுக்கு வெளியே கட்டுமானப் பொருளை வைத்து முடிவு செய்யாதீர்கள். கட்டட வரைபடங்கள் அடங்கிய மாதிரிப் படநூல்கள் வழியே அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் சென்ற இப்பாணி அங்கே மரப்பலகையிலும் உருவெடுத்தது; டப்ளினின் மெரியன் சதுக்கத்தில் செங்கல்லில் நிற்கிறது. 1803இல் முடிந்த கல்கத்தா அரசு மாளிகை, இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள கெடில்ஸ்டன் மாளிகையைப் பின்பற்றியது.