வெறுங்கையோடு மெய்நிகர் உலகுக்குள்: வி.ஆர். ஹெட்செட்டில் கை அறியும் சென்சாரைப் பொருத்துவது எப்படி?

என் அத்தைக்கு முதன்முதலாக வி.ஆர். (மெய்நிகர் உலகைக் காட்டும்) ஹெட்செட்டை மாட்டிவிட்ட அன்று, இரண்டு கைகளிலும் விசைகள் உள்ள கைக்கருவிகளான கன்ட்ரோலர்களைக் கொடுத்தேன். "ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஒரு விசை இருக்கிறது அத்தை, அதை அழுத்துங்கள்" என்றேன். கண்களைக் கருவி மூடியிருந்ததால், எந்த விசை எங்கே இருக்கிறது என்று அவர் தடவித் தடவித் தேடினார். ஐந்தே நிமிடத்தில் கழற்றச் சொல்லிவிட்டார்.

சில வாரங்கள் கழித்து, அதே ஹெட்செட்டின் முகப்பில் விரல் நீளமே உள்ள ஒரு சென்சாரைப் பொருத்தி மீண்டும் மாட்டினேன். இந்த முறை கையில் எதுவும் கொடுக்கவில்லை. எதிரே இரண்டு கைகள் தெரிந்ததும் அவர் உள்ளங்கையைத் திருப்பினார், புறங்கையைப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். நான் வாய் திறப்பதற்குள் எதிரில் மிதந்த கனசதுரத்தை எட்டிப் பிடித்துவிட்டார்.

அந்தச் சென்சாரைப் பொருத்தும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எடுத்துக்கொள்வது எச்.டி.சி. வைவ் போன்ற, கணினியோடு இணைத்துப் பயன்படுத்தும் ஹெட்செட்டையும், அல்ட்ராலீப் நிறுவனத்தின் லீப் மோஷன் கன்ட்ரோலர் 2 என்ற சென்சாரையும் (பெயரில்தான் கன்ட்ரோலர், கையில் பிடிப்பதல்ல). 2013இல் வந்த முதல் லீப் மோஷன் உங்களிடம் இருந்தாலும் முறை ஏறக்குறைய இதுவே.

படி 1: உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள்

மெட்டா குவெஸ்ட் ஹெட்செட் வைத்திருப்பவர்கள் பணம் செலவழிக்க வேண்டாம். 2019 டிசம்பரிலிருந்தே குவெஸ்டில் கையை அறியும் வசதி உள்ளுக்குள்ளேயே இருக்கிறது; அமைப்புகளில் அதை இயக்கினால் போதும். தனிச் சென்சார் தேவைப்படுவது வைவ், பழைய ஆக்குலஸ் ரிஃப்ட் போன்ற ஹெட்செட்டுகளுக்குத்தான்.

அடுத்து, எதற்காக வாங்குகிறீர்கள் என்பது. துப்பாக்கி, வாள், வில் ஏந்தும் விளையாட்டுகளுக்கென்றால் வாங்காதீர்கள். பிடித்த பொருளின் அதிர்வு கையில் தெரியாது. விசையை அழுத்திய திருப்தியும் இருக்காது. தோளுக்குப் பின்னால் கையை நீட்டி அம்பை உருவ முயன்றால், சென்சாரின் பார்வையிலிருந்து கை விலகிப்போகும். அந்த வேலைக்குக் கன்ட்ரோலர்தான் சரி.

விரல்களே முக்கியமான இடங்களில் இந்தச் சென்சாருக்கு ஈடு இல்லை. சைகை மொழியில் பேசுகிறவர்களுக்குக் கன்ட்ரோலரைப் பிடித்த கையால் பல எழுத்துகளைக் காட்டவே முடியாது. இயந்திரப் பலகையில் எந்தக் குமிழைத் திருகுவது, எந்த விசையைத் தூக்குவது என்று பயிற்சி கொடுக்கும்போது, நிஜத்தில் செய்யப்போகும் அசைவையே கை பழகுகிறது. கன்ட்ரோலரை இறுகப் பிடிக்க முடியாத வயதானவர்களுக்கும், இதுவரை வி.ஆர். பக்கமே வராதவர்களுக்கும் இது கதவைத் திறந்துவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை இதுவே இதன் பெரிய பயன்.

படி 2: அது எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேயே விளங்கிவிடும்.

சென்சாருக்குள் இரண்டு சிறு கேமராக்களும் அகச்சிவப்பு விளக்குகளும் இருக்கின்றன. விளக்குகள் வீசும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. அது கைமேல் பட்டுத் திரும்புவதை இரண்டு கேமராக்களும் சற்றே விலகிய இரண்டு கோணங்களில் படம்பிடிக்கின்றன. நம் இரண்டு கண்களும் தூரத்தை அறிவது போலத்தான். அந்தப் படங்களிலிருந்து கையின் வடிவத்தைக் கணிக்கும் வேலை கணினியில் ஓடும் மென்பொருளுடையது. இரண்டாம் தலைமுறைச் சென்சார் 10 சென்டிமீட்டரிலிருந்து 110 சென்டிமீட்டர் வரை பார்க்கும் என்கிறது நிறுவனம். அதாவது, நீட்டிய கை எட்டும் தூரம்.

ஆக, கேமராவின் கண்ணில் படாத விரலை மென்பொருள் ஊகிக்கத்தான் செய்கிறது. ஊகம் சில நேரம் தவறும்.

படி 3: பொருத்துங்கள்

ஹெட்செட்டின் முகப்பை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் சென்சாரைப் பிடித்துவைக்கும் ஒட்டும் தாங்கி இரண்டே நாளில் கழன்றுவிடும். தாங்கியை இரு கண்களுக்கும் நடுவே, கிடைமட்டமாக ஒட்டுங்கள். வைவின் முகப்பில் கீழ்ப்பகுதியில் ஒரு கேமரா உண்டு, அதை மறைத்துவிடாதீர்கள். சென்சாரின் கண்ணாடிப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். சற்றே கீழ்நோக்கிச் சாய்க்க முடிந்தால் நல்லது. நாம் கைகளைப் பெரும்பாலும் நெஞ்சுக்கு முன்னால்தான் வைத்துக்கொள்கிறோம்.

கேபிளுக்கு வருவோம். வைவின் மேற்பக்க மூடிக்குள் ஒரு யுஎஸ்பி துளை இருக்கிறது, அதிலேயே செருகலாம். அது ஒத்துழைக்காவிட்டால், தரமான நீட்டிப்புக் கேபிளை எடுத்து, ஹெட்செட்டின் கேபிளோடு சேர்த்துக் கட்டி, கணினியின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். பல கருவிகள் தொங்கும் யுஎஸ்பி பிரிப்பான்களை (ஹப்) தவிருங்கள். கழுத்தைத் திருப்பும்போது கேபிள் இழுபடாமல் இருக்கக் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

படி 4: மென்பொருளை நிறுவி, திசையை மாற்றுங்கள்

அல்ட்ராலீப் தளத்திலிருந்து விண்டோஸுக்கான மென்பொருளைப் பதிவிறக்கி நிறுவுங்கள். பழைய சென்சார் வைத்திருப்பவர்கள் ஜெமினி எனப்படும் ஐந்தாம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு தலைமுறைச் சென்சார்களையும் அது ஏற்கும். நிறுவியபின் கட்டுப்பாட்டுப் பலகத்தைத் திறந்தால் சென்சார் இணைந்திருக்கிறதா என்று தெரியும்.

புதியவர்கள் தடுமாறுவது அடுத்த இடத்தில்தான். சென்சாரை மேசையில் வைத்தும், திரைக்கு மேலே வைத்தும், தலையில் மாட்டியும் பயன்படுத்தலாம். எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அமைப்புகளில் 'டெஸ்க்டாப்' என்பதிலிருந்து 'ஹெட் மவுண்டட்' என்பதற்கு மாற்றுங்கள். மாற்ற மறந்தால் புறங்கையை உள்ளங்கை என்று எடுத்துக்கொண்டு, இடது கையை வலது கையாகக் காட்டும். நான் ஒரு மாலை முழுவதும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் இந்த ஒரு தேர்வுதான்.

படி 5: ஹெட்செட்டை மாட்டாமலே சோதியுங்கள்

கட்டுப்பாட்டுப் பலகத்தில் 'விஷுவலைசர்' இருக்கிறது. சென்சார் பார்க்கும் சாம்பல் நிறப் படமும், அதன்மேல் வரைந்த எலும்புக்கூடு போன்ற கையும் திரையில் தெரியும். ஹெட்செட்டை ஒருவர் பிடித்துக்கொள்ள, அதற்கு முன்னால் கையை நீட்டுங்கள்.

நான் செய்யும் சோதனை எளியது. நாம் விரல்விட்டு எண்ணுவோம் அல்லவா, கட்டைவிரல் நுனியை மற்ற விரல்களின் கணுக்கள்மேல் ஒவ்வொன்றாக வைத்து? அதையே உள்ளங்கை சென்சாரைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு மெதுவாகச் செய்யுங்கள். ஆள்காட்டி விரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை திரையிலுள்ள கை தொடர்ந்து வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு கையைத் திருப்பி, புறங்கை சென்சாரைப் பார்க்க, அதே எண்ணிக்கையைச் செய்யுங்கள். இப்போது திரையிலுள்ள விரல்கள் தயங்கும். கட்டைவிரல் மறைந்துவிட்டதே காரணம். இரண்டு கைகளையும் கோத்துப் பாருங்கள், ஒரு கை காணாமலே போகலாம். இவை கருவியின் குறையல்ல, பார்வையின் எல்லை. மாட்டுவதற்கு முன்பே இதைக் கண்ணால் கண்டவர்களுக்குப் பின்னால் எரிச்சல் வருவதில்லை.

திரையிலுள்ள கை நடுங்கினால் அறையைப் பாருங்கள். ஜன்னல் வழியே விழும் வெயிலில் அகச்சிவப்புக் கதிர் நிறைய இருக்கிறது; திரைச்சீலையை இழுத்து மூடுங்கள். பழைய ஹாலஜன் விளக்கை அணைத்துவிட்டு எல்.இ.டி. விளக்கைப் போடுங்கள். விரலை மூடும் நீண்ட கைச்சட்டையை மடித்துவிடுங்கள். பளபளக்கும் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வையுங்கள்.

படி 6: உள்ளே போய்ப் பழகுங்கள்

முதலில் அல்ட்ராலீப்பின் இலவசச் செயலியான பிளாக்ஸைத் திறக்க நான் பரிந்துரைப்பேன். இரண்டு கைகளிலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிள்ளுவதுபோல் சேர்த்து, கைகளை விலக்கினால் நடுவே ஒரு கட்டை உருவாகும். அதைப் பிடியுங்கள், அடுக்குங்கள், தட்டிவிடுங்கள். கிள்ளும்போது விரல்கள் உண்மையாகவே தொட வேண்டும். கன்ட்ரோலர் இல்லாத உலகில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே தொடு உணர்வு அதுதான். விடும்போது விரல்களை நன்றாக விரியுங்கள். அரைகுறையாகத் திறந்தால் பொருள் கையிலேயே ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும்.

எல்லாச் செயலிகளும் கையை ஏற்காது. ஓப்பன் எக்ஸ்.ஆர். என்ற பொதுத் தரத்தில் ஒரு கைக்கு 26 புள்ளிகள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வசதியைப் பயன்படுத்தி எழுதப்பட்ட செயலி என்றால் சென்சாரிலிருந்து வரும் கை நேராகப் போய்ச் சேரும். பலர் கூடிப் பேசும் வி.ஆர்.சாட், ரெசோனைட் இரண்டும் லீப் மோஷனை ஏற்கின்றன. விசைகளை நம்பி எழுதப்பட்ட பழைய விளையாட்டுகளுக்குத் தன்னார்வலர்கள் எழுதிய இணைப்பு மென்பொருள்கள் உண்டு. பொறுமை உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம், தொடக்கநிலையில் வேண்டாம்.

முதல் நாள் பதினைந்து நிமிடம் போதும். கையை உயர்த்தியே வைத்திருந்தால் தோள் வலிக்கும். உட்கார்ந்து, முழங்கையை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றிக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர்களின் சார்ஜையும் குறையவிடாதீர்கள், சில செயலிகளின் தொடக்கப் பட்டியலைக் கடக்க அவைதான் வேண்டியிருக்கும். அத்தைக்கு அந்தப் பட்டியலை நான் முதலிலேயே கடந்து வைத்துவிட்டுத்தான் ஹெட்செட்டை மாட்டுகிறேன்.