பரங்கிக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

கொடி நிறையப் பூ, பிஞ்சும் தெரிகிறது. ஆனால் சில நாளில் அது மஞ்சளாகிச் சூம்பி விழுந்துவிடுகிறது. உடனே உரத்தை அள்ளிப் போடுகிறோம். தழைச்சத்து கூடினால் இலைதான் தழைக்கும். பெரும்பாலும் குறை மகரந்தச் சேர்க்கையில்தான். பரங்கியின் மகரந்தம் பிசுபிசுப்பானது, கனமானது, காற்றில் பறக்காது. தேனீ வராத தோட்டத்தில் அந்த வேலை நம் கைக்கு வருகிறது.

பலர் கோட்டை விடுவது நேரத்தில். பூ விடியலில் விரியும், முற்பகலிலேயே வாடத் தொடங்கும். பெண்பூவுக்கு அந்த ஒரு காலைதான், மறுநாள் விரியாது. மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு உச்சிவெயிலில் போய்ப் பயனில்லை. முந்தின நாள் மாலையே கொடியை ஒரு சுற்றுப் பாருங்கள்: காலையில் விரியப்போகும் மொட்டின் நுனியில் மஞ்சள் தெரியும். மழை வரும்போலிருந்தால் மூடி வையுங்கள், நனைந்த மகரந்தம் வீண்.

தொடக்கத்தில் ஒன்றிரண்டு வாரம் ஆண்பூ மட்டுமே வருவது இயல்பு. அடியில் குட்டிக் காயோடு இருப்பது பெண்பூ, மெல்லிய நீண்ட காம்பில் நிற்பது ஆண்பூ.

அடுத்தது கஞ்சத்தனம். ஒரே ஆண்பூவை எடுத்து லேசாக ஒரு தொடு தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். காய்க்குள் நூற்றுக்கணக்கான விதைகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு மகரந்தத் துகள் வேண்டும். போதாவிட்டால் காய் ஒருபக்கம் மட்டும் பருக்கும், அல்லது உதிரும். இரண்டு மூன்று ஆண்பூக்களின் இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் மகரந்தம் ஏற்கும் சூல்முடியின் எல்லா மடல்களிலும் மெதுவாகத் தடவுங்கள். தூரிகை தேவையே இல்லை, பாதி மகரந்தம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

விதைக்காகச் செய்கிறீர்களா? அப்படியானால் பூவைத் திறந்தபடி விடுவதுதான் பெரிய தவறு, தேனீ வேறு வகையின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். முந்தின மாலையே ஆண்பூ, பெண்பூ இரண்டின் நுனியையும் நாடாவால் ஒட்டி, காலையில் பிரித்துத் தடவி, பெண்பூவை மறுபடி ஒட்டிவிடுங்கள். காம்பில் ஒரு நூல் கட்டாவிட்டால் அறுவடையில் எது எதுவென்று தெரியாது. பரங்கிக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு: பட்டர்நட் என்ற வகை மொஸ்காட்டா இனம். ஏகார்ன், சுக்கினி, அழகுக்கு வளர்க்கும் சிறு சுரைகளில் பல ஆகியவை பெப்போ இனம். ஒரே இனத்துக்குள் எளிதில் கலக்கும். கலப்பு இந்த வருடக் காயில் தெரியாது, அதன் விதையை நட்டால்தான் தெரியும். அழகுச் சுரையோடு கலந்த விதையில் விளையும் காய் கசக்கலாம். அந்தக் கசப்பு நஞ்சு, சமைத்தாலும் போகாது. நாக்கில் கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள்.