வெல்வெட் எறும்புக்குப் புதுப்பெயர் வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரில் எறும்பு இருந்தாலும் வெல்வெட் எறும்பு குளவிதான். மியூட்டிலிடே என்ற குடும்பம், 4,000க்கும் மேற்பட்ட இனங்கள். பெண்ணுக்குச் சிறகு கிடையாது, தரையில் ஓடும், கொட்டும். ஆணுக்குச் சிறகு உண்டு, கொட்டத் தெரியாது. நிறம், மார்பின் அமைப்பு, உணர்கொம்பின் நீளம் என்று எதைப் பார்த்தாலும் இரண்டும் ஒரே இனம் என்று சொல்லத் தோன்றாது. புதிய இனம் என்று அறிவிக்கக் கிளம்புகிறவர்கள் சறுக்குகிற இடங்களில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலாவதும் மிகப் பெரியதுமான தவறு: கையில் இருக்கிற பெண்ணைப் புத்தகத்தில் இருக்கிற பெண்களோடு மட்டும் ஒப்பிடுவது. எதனோடும் ஒத்துப்போகவில்லை, அதனால் புதிது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் இந்தக் குடும்பத்தில் எத்தனையோ இனங்கள் ஆணை மட்டும் வைத்தோ பெண்ணை மட்டும் வைத்தோ விவரிக்கப்பட்டவை. உங்கள் பெண்ணுக்கு உரிய ஆண் நூறு வருடம் முன்பே வேறொரு பெயரில் பதிவாகியிருக்கலாம். அப்படியானால் நீங்கள் வைத்தது புதிய இனத்தின் பெயர் அல்ல, பழைய இனத்துக்கு இன்னொரு பெயர். பின்னால் வருகிறவர் அதை இணைப்பெயர் என்று நீக்க வேண்டியிருக்கும். அதே பேரினத்தில், அதே பகுதியிலிருந்து, ஆண் மட்டும் தெரிந்த இனங்கள் எத்தனை இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். பெயரைப் பற்றி யோசிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஜோடி சேர்ப்பதிலும் அவசரம் கூடாது. ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே நிறத்தில் கிடைத்தன என்பது ஆதாரமே இல்லை. இணைசேரும்போது பிடிபட்ட ஜோடி நல்ல ஆதாரம். டிமுல்லா பேரினத்தில் ஆண், பெண்ணைத் தூக்கிக்கொண்டே பறக்கும். அந்த நிலையில் வலையில் விழுந்தால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் வேண்டியதில்லை. இன்னொரு வழி, இணைசேராத பெண்ணைக் கம்பிவலைக் கூண்டில் வைத்துக் காத்திருப்பது. அதன் வாசனைக்கு ஆண்கள் தேடி வரும். இரவில் நடமாடும் இனங்களில் இதெல்லாம் சிரமம். ஆண்கள் விளக்கு வெளிச்சத்துக்குக் கூட்டமாக வரும். பெண்களைத் தரையில் டார்ச் அடித்துத் தேட வேண்டும், அல்லது குழிப்பொறி வைக்க வேண்டும். இந்தச் சிக்கலுக்காகவே 2006ல் பில்கிரிம், பிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஐடிஎஸ்1, ஐடிஎஸ்2 என்ற டிஎன்ஏ பகுதிகளை ஒப்பிட்டு ஆணையும் பெண்ணையும் சேர்க்கும் முறையை வெளியிட்டார்கள். இப்போது பூச்சியின் ஒரு காலை எடுத்து அனுப்பினாலே டிஎன்ஏ கிடைத்துவிடும் என்ற நிலையில், அதைச் செய்யாமல் பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நிறத்தை நம்புவது அடுத்த தவறு. கண்ணைப் பறிக்கிற சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் உடலின் மேல் உள்ள மயிரின் நிறங்கள். வலிக்கக் கொட்டும் பூச்சிகள் பல ஒரே எச்சரிக்கை உடையை அணிந்துகொண்டால் எதிரிகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் அல்லவா? வட அமெரிக்காவின் 351 இனங்களை ஆராய்ந்து 2015ல் வெளியான ஆய்வு, பெரும்பாலானவை ஒரே மாதிரி நிறம் கொண்ட வெறும் எட்டுக் கூட்டங்களுக்குள் அடங்கிவிடுவதைக் காட்டியது. அதாவது நெருங்கிய உறவில்லாத இரண்டு இனங்கள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருக்கும். ஒரே இனம் பகுதிக்குப் பகுதி வேறு நிறத்தில் இருப்பதும் உண்டு. போதாக்குறைக்கு மயிர் தேயும், உதிரும், வெளிறும். ஆல்கஹாலில் கிடந்து காய்ந்தால் ஒட்டிக்கொண்டு வேறு பூச்சி மாதிரி ஆகிவிடும்.

சரி, வேறு எதைப் பார்ப்பது? மயிருக்கு அடியில் இருப்பதை. தலையிலும் மார்பிலும் உள்ள குழிப்புள்ளிகள் எவ்வளவு நெருக்கம், எவ்வளவு ஆழம்; தாடையின் பற்கள்; முகத்தின் முன்தட்டு; உணர்கொம்பின் முதல் கணுக்கள் ஒன்றுக்கொன்று என்ன விகிதம்; கண் வட்டமாகப் புடைத்து வழவழப்பாக இருக்கிறதா, நீள்வட்டமா; வயிற்றின் முதல் வளையம் எப்படிக் குறுகி இரண்டாவதோடு சேர்கிறது; பெண்ணின் கடைசி வளையத்து மேலே உள்ள பைஜிடியத் தட்டில் வரிகளா, மணிமணியான பரப்பா. ஆண் என்றால் இனவுறுப்பை வெளியே எடுத்துப் படம் வரையாமல் விவரணை எழுதவே கூடாது. இரவில் வரும் பழுப்பு நிற ஆண்களில் பலவற்றைப் பிரித்துக் காட்டுவதே அதுதான்.

உடல் அளவும் ஏமாற்றும். வெல்வெட் எறும்பு, தேனீயோ குளவியோ கட்டிய கூட்டுக்குள் நுழைந்து அங்கே வளர்ந்து முடிந்த புழுவின் மேல் முட்டையிடும். அந்த ஒரு புழுவே அதன் குஞ்சுக்கு முழுச் சாப்பாடு. சாப்பாடு சிறிதென்றால் உடலும் சிறிது. மின்னசோட்டா பூச்சியியலாளர் கிளாரன்ஸ் மிக்கல் 1924ல் டாசிமுட்டில்லா பயோகுலாட்டா என்ற இனத்தை அளந்தபோது, அளவுகள் இரண்டு தனித்தனிக் குவியலாக விழுந்தன. மைக்ரோபெம்பெக்ஸ் என்ற சின்ன மணல் குளவியைத் தின்று வளர்ந்தவை சிறியவை, பெம்பிக்ஸ் என்ற பெரிய மணல் குளவியைத் தின்றவை பெரியவை. ஒரே இனம்தான். அளந்து பார்த்தவர் அங்கேயே நிறுத்தியிருந்தால் இரண்டு இனங்கள் ஆகியிருக்கும். ஒற்றை மாதிரியை வைத்து ‘இது சிறியது, அதனால் புதிது’ என்று எழுதும்போது இதை நினைவில் வையுங்கள்.

பழைய மூலமாதிரிகளை, அதாவது ஓர் இனத்துக்கு முதலில் பெயர் வைக்க ஆதாரமாக இருந்த பூச்சிகளை, பார்க்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. லின்னேயஸ் 1758ல் மியூட்டிலா என்ற பேரினத்தைத் தொடங்கியபின், அடுத்த நூற்றாண்டு முழுக்க இந்த வகைப் பூச்சிகளைப் பெரும்பாலும் அதற்குள்ளேயே போட்டார்கள். இன்று அவை பல பேரினங்களில் சிதறிக் கிடக்கின்றன. இரண்டு வரி லத்தீன் விவரணையை மட்டும் படித்துவிட்டு ‘இது நம்முடையது அல்ல’ என்று சொல்ல முடியாது. அருங்காட்சியகத்துக்கு எழுதி, மூலமாதிரியின் படங்களையாவது கேட்டு வாங்குங்கள்.

பூச்சி உண்மையில் வெல்வெட் எறும்புதானா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெத்தோகா போன்ற வேறு குளவிகளின் பெண்களுக்கும் சிறகு இல்லை. வயிற்றின் இரண்டாம் வளையத்தின் பக்கவாட்டில் அடர்ந்த குறுமயிரால் ஆன ஒரு கோடு வெல்வெட் எறும்புகள் பெரும்பாலானவற்றில் இருக்கும். மெத்தோகாவில் இருக்காது. ஒளிப்படத்தில் இது பெரும்பாலும் தெரியாது என்பதால், படத்தை மட்டும் வைத்து இனம் சொல்வதும் வேண்டாம்.

விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகள் நீளமானவை. இங்கே அடிக்கடி தவறுகிற இடங்கள் சிலதான். 1999க்குப் பின் வரும் பெயருக்கு எந்த மாதிரி ஹோலோடைப் (பெயர் சார்ந்திருக்கும் ஒற்றை மூலமாதிரி) என்பதையும், அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்பதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரையில் ஜூபேங்க் (விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடு) பதிவு பற்றிய ஆதாரம் இடம்பெறாவிட்டால் பெயர் செல்லாது. மியூட்டிலா என்று முடியும் பேரினங்கள் பெண்பால் என்பதால் கறுப்பு என்ற பொருளில் பெயர் வைத்தால் நிக்ரா என்றுதான் வர வேண்டும், நைஜர் அல்ல.

அப்புறம், இவ்வளவு தேடியும் ஆண் கிடைக்கவில்லை என்றால்? விவரணையில் ‘ஆண்: தெரியவில்லை’ என்று ஒரு வரி எழுதுங்கள். அதே பகுதியில் ஆணாக மட்டும் அறியப்பட்ட எந்தெந்த இனங்களோடு ஒப்பிட்டீர்கள், எந்தக் காரணத்தால் ஒதுக்கினீர்கள் என்று அதற்குக் கீழேயே சேர்த்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து வேறொருவர் வலையில் அந்த ஆண் விழும்போது, அவர் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான்.