ஸ்பானிஷில் நிறங்களைச் சரியாகச் சொல்வது எப்படி?

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பிப்பவர்கள் நிறங்களின் பெயர்களைச் சீக்கிரமே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வாக்கியத்தில் போடும்போதுதான் தடுமாற்றம். தமிழில் சிவப்புச் சட்டை, சிவப்புக் கார்கள், எதுவானாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். ஸ்பானிஷிலோ நிறம் பொருளைப் பார்த்து மாறும், அதனால் எப்போதும் பொருளில் இருந்து தொடங்குங்கள்.

முதலில் அந்தப் பொருள் ஆண்பாலா பெண்பாலா என்று பாருங்கள். கோச்சே (கார்) ஆண்பால், காசா (வீடு) பெண்பால். 'ஓ' என்றால் ஆண்பால், 'ஆ' என்றால் பெண்பால் என்று கடைசி எழுத்தை மட்டும் நம்பாதீர்கள்: மானோ (கை) பெண்பால், மாபா (வரைபடம்) ஆண்பால். பெயருக்கு முன் வரும் எல் (ஆண்பால்), லா (பெண்பால்) என்ற சொல்லையும் சேர்த்தே படித்தால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்தது இடம். பொருள் முன்னால், நிறம் பின்னால். கவிதையில் மாறி வரலாம், பேச்சில் இப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விகுதி. கோச்சே ரோஹோ (சிவப்புக் கார்), காசா ரோஹா (சிவப்பு வீடு), பன்மையில் கோச்சேஸ் ரோஹோஸ், காசாஸ் ரோஹாஸ். பிளாங்கோ (வெள்ளை), நெக்ரோ (கறுப்பு), அமரீயோ (மஞ்சள்) எல்லாம் இதே வழிதான். 'லா காசா எஸ் பிளாங்கா', அதாவது வீடு வெள்ளையாக இருக்கிறது என்று சொல்லும்போதும் நிறம் மாறியே ஆக வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வெர்தே (பச்சை), அசுல் (நீலம்), கிரிஸ் (சாம்பல்) மூன்றும் பால் பார்க்காது. பன்மையில் மட்டும் வெர்தேஸ், அசுலேஸ், கிரிசெஸ்.

இனி கவனமாக இருக்க வேண்டிய இடம். நரான்ஹா (ஆரஞ்சு), ரோசா (இளஞ்சிவப்பு) இரண்டும் பழம், பூ ஆகியவற்றின் பெயரில் இருந்து வந்த நிறங்கள், ஆகவே ஆண்பாலுக்காக 'ஓ' போடக் கூடாது. கோச்சே நரான்ஹா என்பதே சரி. நரான்ஹோ என்றால் ஆரஞ்சு மரம்! பன்மையில் சபாதோஸ் (காலணிகள்) ரோசா, சபாதோஸ் ரோசாஸ், இரண்டுமே ஏற்கத்தக்கவை.

வெளிர், அடர் என்று சேர்க்கும்போது நிறம் அப்படியே உறைந்துவிடும். கமீசாஸ் அசுலேஸ் (நீலச் சட்டைகள்) சரி, ஆனால் வெளிர்நீலச் சட்டைகள் என்றால் கமீசாஸ் அசுல் கிளாரோ. அடர்நிறத்துக்கு ஒஸ்கூரோ.

சில சேர்க்கைகளை வழக்கப்படி அப்படியே பழக வேண்டும்: சிவப்பு ஒயின் 'வீனோ தின்தோ', பழுப்பு முடி 'பெலோ கஸ்தாஞோ'. பொதுவான பழுப்புக்கு ஸ்பெயினில் மர்ரோன், மெக்சிகோவில் கஃபே.

சரி, கறுப்புக் காலணிகள், மஞ்சள் வரைபடம், வெளிர்பச்சை வீடுகள், மூன்றையும் நீங்களே சொல்லிப் பாருங்கள். விடை: சபாதோஸ் நெக்ரோஸ், மாபா அமரீயோ, காசாஸ் வெர்தே கிளாரோ.