1,500 ரூபாய்க்கு போன்: வரிசையில் இடம் பிடிக்கும் முன் செய்யும் தவறுகள்

கொளத்தூரில் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, போன மாதம் தன் போனை என்னிடம் நீட்டி, "எப்ப தம்பி என் முறை வரும்?" என்று கேட்டார். திரையில் "உங்கள் வரிசை எண் 4312" என்று இருந்தது. 1,500 ரூபாய் கட்டி ஒரு மின்நூல் வாங்கியிருக்கிறார், அதை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதை வாங்கியதற்குத்தான் இந்த வரிசையில் ஓர் இடம். புதிதாக 10 பேர் சேரச் சேர, வரிசையின் தலையில் இருப்பவருக்கு ஒரு போன் கிடைக்குமாம். இதற்குப் பெயர்தான் மேட்ரிக்ஸ்.

அங்கேயே அளவு நாடா வைக்கும் மேசையில் ஒரு பில் பேப்பரைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தோம். அக்காவுக்குப் போன் வர மொத்தம் 43,120 பேர் சேர வேண்டும். அந்த 43,120ஆவது ஆளுக்கு வர 4,31,200 பேர், அவர்களில் கடைசி ஆளுக்கு 43 லட்சம், அடுத்து 4 கோடி, அதற்கடுத்து 43 கோடி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடிதான். எப்போது நிறுத்தினாலும் 10 பேரில் 9 பேர் கையில் ஒன்றும் இருக்காது, நடத்துபவர் நேர்மையானவராக இருந்தாலும் இதே கதிதான்.

"சீட்டு மாதிரிதானே" என்று நினைப்பதுதான் நம் ஊரில் நடக்கும் முதல் தவறு. இல்லை. 20 பேர் சீட்டு என்றால் 20 மாதத்தில் எல்லாரும் எடுத்துவிடுவார்கள், கடைசியில் எடுப்பவருக்கும் பணம் உண்டு, 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்து நடத்தினால் அது சட்டப்படியான தொழில். மேட்ரிக்ஸ் வரிசைக்கு முடிவே கிடையாது.

அடுத்தது, "பொருள் கொடுக்கிறார்களே, அப்புறம் எப்படி மோசடி?" என்ற கேள்வி. மேட்ரிக்ஸ் என்ற பெயரில் இங்கே தனிச் சட்டம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை. 1978ஆம் ஆண்டு பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம், ஆள் சேர்ப்பதை நம்பிப் பணம் தருவதாகச் சொல்லும் திட்டத்தை, அதை என்ன பெயரிட்டு அழைத்தாலும், தடை செய்கிறது. "நாங்கள் பணம் தரவில்லை, போன்தானே தருகிறோம்" என்று தப்பிக்கப் பார்ப்பவர்களுக்கு 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் இருக்கின்றன. ஆள்மேல் ஆளாகச் சேர்த்து, பின்னால் வருபவர்களால் முன்னால் இருப்பவர் அடையும் எந்தப் பலனும் அதில் பிரமிடு திட்டம் என்ற கணக்கில்தான் வரும், அப்படிப்பட்ட திட்டத்தை நடத்துவதற்கும் அதில் ஆள் சேர்ப்பதற்கும் தடை இருக்கிறது. அந்த மின்நூலை, போன் ஆசை இல்லாமல், 1,500 கொடுத்து யாராவது வாங்குவார்களா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி எண், பான் கார்டு எல்லாவற்றையும் வாட்ஸப்பில் அனுப்புவார்கள். ஒரு நிறுவனம் இருக்கிறது, வரி கட்டப் பதிந்திருக்கிறது என்பதற்கு மேல் அவை எதையும் சொல்லவில்லை, திட்டத்துக்கு அரசு அனுமதி கொடுத்தது என்று அதற்குப் பொருளே இல்லை.

நான் அதிகம் பயப்படுவது அடுத்த தவறைப் பார்த்துத்தான். "நான் நடத்தவில்லையே, உறுப்பினர்தானே" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 1978 சட்டத்தின் 3ஆம் பிரிவு நடத்துவதோடு சேர்த்து, உறுப்பினராகச் சேர்வதையும் பங்கேற்பதையும்கூடத் தடை செய்கிறது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அதுவும் தனிக் காரணம் இல்லாவிட்டால் ஓராண்டுக்குக் குறையாமல். அக்கா போட்ட பணம் போகட்டும், அதை மீட்க வேண்டும் என்று நாத்தனாரையும் கடைக்கு வரும் இரண்டு பெண்களையும் சேர்க்கப் பார்த்தார் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தவர் ஏமாற்றியவராக மாறிவிடுகிறார். அந்தப் பெண்கள் போலீசுக்குப் போனால் கம்பெனி முதலாளியைத் தெரியாது, அக்காவைத்தான் தெரியும்.

இதைவிட மோசம், "பணத்தை உங்கள் ஜிபேயில் வாங்கி எனக்கு அனுப்புங்கள்" என்று மேலே இருப்பவர் சொல்லும்போது ஒத்துக்கொள்வது. புகார் வந்தால் முடக்கப்படுவது உங்கள் வங்கிக் கணக்கு, அதில் இருக்கும் சம்பளமும் பீஸ் பணமும் சேர்த்து.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு குரூப்பை விட்டு வெளியேறி, சாட் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள், வழக்குக்கு அதுதான் ஆதாரம். பணம் அனுப்பிய யுபிஐ எண், வரிசை எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட், ஜூம் மீட்டிங் அழைப்பு எல்லாவற்றையும் சேமியுங்கள். "புகார் கொடுத்தால் வரிசை நின்றுவிடும், எல்லாருக்கும் நஷ்டம்" என்பார்கள். காத்திருக்க வேண்டாம். இணையத்தில் பணம் போனதற்கு 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நிறையப் பேரிடம் வசூல் நடந்திருந்தால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் எல்லாரும் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள்.

அக்கா 1,500ஐ இன்னும் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கே நாத்தனாருக்குப் போன் போட்டு, "அந்த லிங்க்ல பணம் கட்டிடாதே" என்று சொல்லிவிட்டார்.